சூளைக்குப் பின்னால் இருந்த மேடு

எங்கள் சூளைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது. வேகும்போது விரிசல் விட்ட சட்டி, வாய் கோணிய பானை எல்லாம் அங்கேதான் போகும். தாத்தாவுக்கு முந்தியவர்களும் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். போன மழையில் அதன் ஒரு பக்கம் சரிந்தபோதுதான் கவனித்தேன். மேலே கிடந்த ஓட்டாஞ்சில்லுகளில் விளிம்பு, அப்பா இப்போது வனைகிற மாதிரியே வெளியே மடிந்திருந்தது. அதற்குக் கீழே மடிப்பே இல்லை. அடியில் இருந்தவை விரல் தடிமன்; செங்காவிப் பூச்சு அவற்றில்தான் நன்றாக நின்றிருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது முதுகலை வரலாறு படிக்கிறேன். எங்கள் மண்பாண்டங்களின் வரலாற்றை ஆய்வேடாக எழுதப்போகிறேன் என்றதும், "செப்புப் பட்டயமா இருக்குது உங்கிட்ட?" என்று வகுப்பில் ஒருத்தன் சிரித்தான். மேடு இருக்கிறது என்றேன். ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் மட்டும் நம்பினார். "கலைக்காம வைம்மா. எது மேல, எது கீழங்கிறதுதான் ஆதாரம். நானே வந்து பாக்கறேன்."

விடுதியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை எங்க மேடம் சூளையப் பாக்க வர்றாங்க." சொன்னது அவ்வளவுதான்.

மொரப்பூர் ஸ்டேஷனில் மேடத்தை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் மேட்டைப் பற்றித்தான் பேசினேன். போய்ப் பார்த்தால் மேடு இல்லை. தரை மட்டமாக இருந்தது, சாணி தெளித்து இரண்டு பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தது. பக்கத்தில் புதுச் சட்டிகள் வரிசையாக.

"மேடு எங்கப்பா?"

"ரெண்டு டிராக்டர் லோடு கண்ணு. ஏரிப் பாதை பள்ளத்துல கொட்டி ரோலர் உட்டாச்சு." குரலில் அத்தனை பெருமை.

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? படிச்சவங்க வர்றாங்க, உடஞ்சதக் காட்டச் சொல்றியா? கொசவனுக்குச் சூளை வெக்கத் தெரியலேன்னு நெனைக்க மாட்டாங்க?"

அம்மா குறுக்கே வந்தாள். "ஒம் மானத்தக் காப்பாத்தத்தான ரெண்டு நாளா முதுகு ஒடஞ்சாரு. அதுக்கு எரிஞ்சு உழுவற."

மேடம் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வேற தலைப்பு யோசிம்மா."

வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கியதை வீட்டில் ஒரு நிமிடம் விளக்கவில்லை. அவர்களுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன், அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்பா கேட்டார். முகம் சுருங்கிப் போனது. பிறகு என்னைத் தேற்றினார்.

"உடஞ்சதுதான கண்ணு வேணும்? அடுத்த சூளையில எப்படியும் நாலு உடையும். ஒண்ணுகூட வெளிய போடாம உனக்கே எடுத்து வெக்கறேன்."

தலைப்பை மாற்றுவதற்கான படிவம் என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை.