கட்டுச்சோறும் கசிந்த பிரேக் பைப்பும்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பள்ளிவாசலுக்கு, 1976

உடுமலை வழியாக மூணாறுக்குப் பழைய காரில் போகலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் 1976 சித்திரையில் நான் போன லட்சணத்தையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் தங்கை சரசுவின் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் வசதி இருக்கும் ஊருக்கு இப்போதே கூட்டிப்போய்விடுங்கள் என்று எஸ்டேட் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவர வெறுங்கையோடு போக முடியாது. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று ஏழு வகைக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா இரண்டு நாள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார். சோறும் காரும் என் பொறுப்பு.

கார் அப்பா 1957-ல் வாங்கியது. பத்தொன்பது வயதுக் கார் என்றாலும் நன்றாக ஓடும். சோற்று அண்டாவை டிக்கியில் வைத்ததும் கதவு மூடவில்லை. மீனாட்சிபுரத்தில் பால்கேன் ஏற்றும் வண்டிகளில் செய்வதைப் போல, தேங்காய்நார்க் கயிற்றைக் கதவிலிருந்து இறக்கி, அடியில் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலைச் சுற்றி, முறுக்கிக் கட்டினேன். அசையவே இல்லை. எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

காலை 4.30-க்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினேன். பொள்ளாச்சி 24 கிலோமீட்டர், அங்கிருந்து உடுமலை 28. உடுமலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, சின்னாறு செக்போஸ்டைத் தாண்டி, இன்னொரு 45 கிலோமீட்டரில் மறையூர். மணி 8.20. டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினேன். மறையூரிலிருந்து மூணாறு 42 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம்தான், பிரேக்குக்கு வேலையே இல்லை. அதனால்தான் எனக்கு எதுவும் தெரியவில்லை.

மூணாறுக்கு 11 கிலோமீட்டர் இருக்கும்போது சாலை இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சத்தமில்லாமல் அடிப்பலகை வரை போய் உட்கார்ந்துவிட்டது. இடது பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வலது பக்கம் மலையோரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். தங்கை மட்டும் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது.

கால் மணி நேரத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் இறங்கி, காரின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கயித்த எங்க கட்டியிருக்கீங்கன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார்.

குனிந்தேன். ஆக்சிலின் மேலேயேதான் பிரேக் பைப் ஓடுகிறது. வண்டி குழியில் விழுந்து எழும்போதெல்லாம் கயிறு இறுகி, பைப்பை நசுக்கியிருக்கிறது. நசுங்கிய இடத்தில் விரிசல், பிரேக் ஆயில் முழுக்கச் சொட்டிப் போயிருந்தது. வேறு யாரையும் திட்ட வழியில்லை.

அவர் ஒரு பழைய டயரை லாரியின் பின்னால் கட்டினார். "நான் முன்னால ஊர்ந்து போறேன். ஒங்க பம்பர் இந்த டயர விட்டு விலகப்படாது. என் பிரேக்குதான் ஒங்களுக்கும் பிரேக்கு" என்றார். முதல் கியரில் 11 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். லாரியின் புகையைத் தவிர நான் மூணாறில் எந்த அழகையும் பார்க்கவில்லை.

மூணாறு ஒர்க்‌ஷாப்பில் சுடலைமுத்து என்ற பிட்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாத ஆள். தோட்டத்துப் பம்புசெட்டுக்குச் செய்கிற மாதிரி விரிசலில் ரப்பர் ட்யூப் மாட்டிக் கம்பி சுற்றிவிடலாமே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணிக்கு அது தாங்கும். இது மிதிக்கிற மிதியில பிச்சிக்கிட்டுப் போயிரும். வண்டியில யாரு வாரா?"

எட்டு மாதக் கர்ப்பிணி, என் தங்கை என்று சொன்னேன். அதற்குப் பிறகு என் யோசனை எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அளவில் அவரிடம் ஒரே ஒரு துண்டு இரும்புக் குழாய்தான் இருந்தது. பழைய பைப்பின் துருப்பிடித்த நட்டைக் கழற்றவே முக்கால் மணி நேரம். புதுக் குழாயை அளந்து வெட்டி, நட்டை உள்ளே கோத்து, முனையின் வாயை விரித்தார். அந்த வாய் சரியாக விரிந்து உட்கார்ந்தால்தான் கசியாது. முதல் முறை ஓரம் கிழிந்துவிட்டது. கிழிந்ததை வெட்டி எறிந்தார்.

"இன்னொரு தரம் வெட்டலாம். அதுக்கு மேல நீளம் பத்தாது" என்றார்.

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பார்க்கத் தைரியமில்லை. கோயிலுக்கு அதிகம் போகாதவன், அன்று தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். இரண்டாவது முறை வாய் ஒழுங்காக விரிந்தது.

பிறகு புது ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கியிருந்த காற்றை வெளியே எடுத்தோம். நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவர் ஒவ்வொரு சக்கரமாகத் திருகைத் திறந்து மூட, கண்ணாடிக் குப்பியில் குமிழ் வருவது நிற்கும்வரை. கடைசியில் பெடலை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியால் புதுப் பைப்பின் இரண்டு முனைகளையும் துடைத்துப் பார்த்தார். துணி காய்ந்தே இருந்தது. கூலியும் சாமானும் சேர்த்து 28 ரூபாய்.

பள்ளிவாசல் இன்னும் 8 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். மாலை 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தயிர்ச்சோறு மட்டும் புளித்திருந்தது. நடந்ததை மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அம்மா என் சட்டையில் இருந்த ஆயிலைப் பார்த்துவிட்டார், எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. சரசுவைப் பஸ்ஸிலேயே அனுப்பலாம் என்றார் மாப்பிள்ளை. எனக்கும் அதுவே நிம்மதி.

சரசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பஸ்ஸுக்காரருக்கு என்னுங்ண்ணா தெரியும், எனக்குப் புள்ளை குறுக்கே கெடக்குதுன்னு? நீங்க பயந்து பயந்து ஓட்டுவீங்க. எனக்கு அது போதுமுங்க. எனக்கு ஒண்ணும் பயமில்லீங்க."

மறுநாள் காலை 6.30-க்குக் கிளம்பினோம். காலை நீட்டிக்கொள்ள அவளுக்கு முன் சீட், அம்மா பின்னால். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி, அடியில் படுத்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மறையூர் இறக்கத்தில் பாதி வழி முதல் கியர், பாதி வழி இரண்டாவது. பின்னால் வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்தே களைத்துப்போயின. அவள் வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னையே கேட்டாள்.

உடுமலைச் சமவெளியில் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன், மணி 11.40. அவள் இறங்க முயன்றாள், முடியவில்லை. இரண்டு கையாலும் சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தாள், விரல்கள் வெளுத்து மடங்கிப்போய் விரியவே இல்லை. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

"பயமில்லைன்னியே சரசு?" என்றேன்.

"பயமாத்தானுங்ண்ணா இருந்துச்சு. சொன்னா உங்க கை நடுங்குமுங்களே."

பழைய காரில் மலையேறுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஆக்சிலில் எதையும் கட்டாதீர்கள். கிளம்பும் முன் பைப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மலையில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எனக்குப் பயமில்லை என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.