புனல் வைத்துக் கேட்டவர்கள்

பிரேமிளாவின் வீடியோக்களில் அவளுடைய முகம் வராது. ஒரு மஞ்சள் பூனையின் படம் நிற்கும். அதற்குப் பின்னால் அவள் குரல் ஓடும். ஏதாவது அனிமே தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, பார்த்த சூட்டோடு மனதில் பட்டதைச் சொல்வாள். நல்லது என்றால் நல்லது, சப்பென்றால் சப்பு. மதுரை, பினாங்கு, ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். "அக்கா பிடிச்சிருக்குன்னு சொன்னாத்தான் நான் பார்ப்பேன்" என்று எழுதுகிற அளவுக்குச் சிலர் அவளை நம்பினார்கள்.

பகலில் அவளுக்கு ஒரு நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதை சிதையாமல் எடுத்து, ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரல் முனைகள் எப்போதும் வெடித்திருக்கும். பக்கத்து மேசையில் அன்ரோனெற். வேலை முடிந்ததும் இருவரும் சைக்கிளில் மன்னார்க் கரையோரத்துப் பள்ளிமுனைக்கு வருவார்கள். அன்ரோனெற் வீட்டின் பின்னறைதான் பிரேமிளாவுக்கு வீடு. கதவைச் சாத்தி, போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, அதற்குள் போனை வைத்துப் பேசுவாள். வெளியே வந்தால் சட்டை பிழிகிற மாதிரி வியர்த்திருக்கும்.

போர்வை ஒலி நன்றாக வருவதற்காக மட்டும் அல்ல. அவள் ஒளிந்திருந்தாள்.

வவுனியாப் பக்கம் குடியேறிய மலைநாட்டுக் குடும்பம் அவளுடையது. கட்டிக் கொடுத்த இடம் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. சுஜன் லொறி ஓட்டுகிறவன். குடிப்பதில்லை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். குரலை உயர்த்தியதே இல்லை, அடிக்கும்போதும் உயர்த்தவில்லை. தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று ஒரு நாள் இடது காதோடு சேர்த்து அறைந்தான். காதில் இரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது, பிறகு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. "மற்றதும் இருக்குத்தானே" என்றான் சுஜன், ஆறுதல் சொல்வது போல.

அதற்குப் பிறகுதான் அவள் கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன் தையல் தொழிற்சாலை ஒன்றின் விடுதியில் கூட இருந்தவள் அன்ரோனெற். அவளைத் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது. அன்ரோனெற் தன் கணவன் இன்பாஸிடம்கூட, "அவளின்ர மனுசன் கட்டாரில வேலை செய்யிறார்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

ஆகவே பிரேமிளா கவனமாக இருந்தாள். கோயில் மணி அடித்தால் அந்த இடத்தை வெட்டுவாள். மீன்காரனின் ஹோர்ன் விழுந்தால் வெட்டுவாள். அன்ரோனெற் குசினியிலிருந்து "பிரேமீ" என்று கத்தினால், முழுவதையும் அழித்துவிட்டு முதலில் இருந்து பேசுவாள்.

அந்தத் தொடர் வந்தது பங்குனி மாதம். துப்பறியும் கதை, ஆனால் முழுக்கச் சிரிப்பு. துப்பறிவாளர் குசினிப் புனல் ஒன்றைக் காதில் வைத்து, ஒலியைக் கேட்டே குற்றவாளியைப் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு அலைகிறவர். முதல் அத்தியாயத்தில் ஒரு பணக்காரச் சீமாட்டியின் வாத்து கடத்தப்படுகிறது. கடத்தியவன் தொலைபேசியில் மிரட்டுகிறான். நாயகர் அந்த ஒலிப்பதிவுக்குப் புனலை வைத்து, "கொதிக்கும் பானை! தூரத்தில் மணி! வருத்தத்தில் இருக்கும் ஒரு மனிதன்!" என்று முழங்கி, முதலில் நூடில்ஸ்காரனையும் அடுத்து ஒரு பூசாரியையும் கடைசியில் முறைப்பாடு கொடுத்த சீமாட்டியையும் பிடித்து உள்ளே போடுகிறார். வாத்து அவருடைய கந்தோர் மேசைக்குப் பின்னால், அவருடைய கதிரைக்குக் கீழேயே தூங்கிக்கொண்டிருக்கிறது.

பிரேமிளா விழுந்து விழுந்து சிரித்தாள். காதும் புனலுமாக இருந்த கதை அவளுக்கு வலித்திருக்க வேண்டும், வலிக்கவில்லை. வீடியோவில் வாத்தைப் போலக் கத்திக் காட்டினாள். கத்திவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பு கடைசியில் ஒரு விக்கலோடு முடியும், அதுவும் பதிவாயிற்று. அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது.

அதை அவள் வெட்டவில்லை. வெட்டத் தோன்றவில்லை. மன்னாருக்கு வந்த புதிதில் தெருவில் தன்பாட்டில் திரியும் கழுதைகள் கத்தும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து நின்றவள் அவள். இப்போது அது காற்றைப் போல, அலையைப் போல, காதில் விழுந்தும் விழாத ஒன்று. மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீடியோவை ஏற்றினாள். மணியில்லை, ஹோர்ன் இல்லை, பெயரில்லை. சரி என்று நினைத்தாள். அந்த அளவுக்கு அவள் பள்ளிமுனைக்காரி ஆகிவிட்டிருந்தாள்.

கருத்துகள் கொட்டின.

"துப்பறியும் கதைன்னு வந்தா வாத்துக் கதை. ஆனா செம."

"முதல் பத்து நிமிஷம் மொக்கை. பூசாரியைத் தூக்கினதும் நான் காலி."

"இவரைப் பார்த்தா எங்க கணக்கு வாத்தியார் ஞாபகம். தப்பா சொன்னாலும் அடிச்சுச் சொல்வார்."

பிறகு மதுரைப் பையன் ஒருவன் எழுதினான்: "நானும் புனல் வெச்சுக் கேட்டேன். அக்கா வாத்து மாதிரி கத்துறப்ப பின்னாடி ஒரு கழுதை பதில் சொல்லுது. வழக்கு எண் ஒண்ணு: அக்கா எந்த ஊர்?"

விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. பழைய வீடியோக்களை எல்லாம் தோண்டினார்கள். வெட்டியும் வெட்டாமலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகளைப் பொறுக்கினார்கள். ஒருத்தி, மணியின் கடைசி இழுவை கேட்கிறது, கிறிஸ்தவக் கோயில் என்றாள். இன்னொருவன், அக்கா ஒரு இடத்தில் வாய்தவறி 'ஆமா'வுக்கு 'ஓம்' என்கிறா, இலங்கைதான் என்றான். கண்டுபிடிப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே புனல் படமும் கைதட்டலும். மூன்றாம் நாள், கனடாவின் ரொறன்ரோவில் இருந்து றொட்னி என்ற ஒருவர் வந்து வழக்கை முடித்து வைத்தார்: "கழுதை, கோயில், மீன்கார மோட்டச்சைக்கிள். இது மன்னார் டவுன் தம்பிமாரே. அதிலயும் பள்ளிமுனை. நான் பிறந்த இடம். பிழையெண்டால் என்ர பேரை மாத்துங்கோ. தங்கச்சி, எங்கட ஆக்களுக்குப் பெருமை!"

அவருடைய மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பிரேமிளா அந்தக் கருத்தை அழித்தாள். வீடியோவையே அழித்தாள். அதற்குள் யாரோ வாத்துக் குரலையும் கழுதைக் குரலையும் விக்கல் சிரிப்பையும் மட்டும் வெட்டி ஒட்டி, 'கழுதை அக்கா' என்று தலைப்புப் போட்டு, உலகம் முழுக்க ஓடவிட்டிருந்தார்கள்.

"கழுதைக்கு வந்த புகழைப் பார்," என்றாள் அன்ரோனெற், நண்டுக் காலை உடைத்தபடி. "உனக்கு வரேல்லை, எனக்கும் வரேல்லை." பிரேமிளா சிரிக்கவில்லை. போனை நீட்டினாள். அந்தத் துண்டுக்குக் கீழே, லொறிப் படம் போட்ட ஒரு புதுக் கணக்கிலிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது.

"சிரிப்பு மாறேல்லை. சந்தோசம்."

அதற்குக் கீழே பதினாறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

பொலிஸுக்குப் போனார்கள். மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். "மிரட்டினவரா?"

"இல்லை."

"அடிக்கிறன் எண்டு எழுதினவரா?"

"இல்லை. சந்தோசம் எண்டு எழுதினவர்."

"சந்தோசம் எண்டு எழுதினதுக்கு நாங்கள் என்ன வழக்குப் போடுறது, தங்கச்சி? வந்தால் வாங்கோ."

"அவர் வந்த பிறகு நான் எப்பிடி வாறது?" என்று பிரேமிளா கேட்டாள். உத்தியோகத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "இண்டைக்கே எங்கயாவது போறன்" என்றாள். "எங்க போவாய்? அவனுக்கு ஊர் தெரியும், வீடு தெரியாதே" என்றாள் அன்ரோனெற். போக இடமும் இல்லை. பிரேமிளா தங்கிவிட்டாள்.

வீடு கண்டுபிடிக்க சுஜன் ஒருவரையும் மிரட்டவில்லை. சந்தியில் இருந்த கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, அந்தச் சிரிப்புத் துண்டைப் போட்டுக் காட்டினான். "இது ஆரின்ர குரல் எண்டு தெரியுமோ?" கடையில் நின்றவர்கள் குதித்தார்கள். "இது எங்கட அன்ரோனெற் வீட்டுப் பிள்ளையெல்லோ! நண்டு உடைக்கிற பிள்ளை!" வீட்டு வாசல் வரை கூடவே வந்து காட்டிவிட்டும் போனார்கள்.

பெண்கள் இருவரும் வேலையால் வந்தபோது சுஜன் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு முந்திரிகைப் பழப் பை. பக்கத்துக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. இன்பாஸ் கடலால் வந்து குளித்துவிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கட்டாரில இருந்து எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்டன், சிரிக்கிறார்," என்றான் இன்பாஸ் மனைவியிடம். "நல்ல மனுசன், அன்ரோ. என்ர வள்ளத்தைப் பற்றியெல்லாம் கேட்டவர். புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீங்கள் உதுக்குள்ள தலையை விடாதேங்கோ."

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்றாள் அன்ரோனெற். "பேசாமல் இருங்கோ."

சுஜன் எழுந்து நின்றான். "இரு, பிரேமி. களைச்சு வந்திருப்பாய்."

அவள் உட்காரவில்லை. அவன் அவளுடைய இடது பக்கம் வந்து, தோளில் கை வைத்து, குனிந்து, காதுக்குள் ஏதோ சொன்னான். முகம் சிரித்தபடியே இருந்தது. பார்த்தவர்களுக்கு, கோபித்துக்கொண்ட மனைவியைக் கெஞ்சுவது போலத் தெரிந்திருக்கும். அவளுக்கு மூச்சின் சூடு பட்டது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. எந்தக் காது என்று அவனுக்குத் தெரியும்.

பிரேமிளா விலகி, போனை எடுத்து, தன் வீடியோச் சனலில் நேரலையைத் திறந்தாள். முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டினாள். சாட்சிக்கு ஆட்கள் வேண்டும் என்பது தவிர வேறு யோசனை அவளிடம் இல்லை. நொடிக்குள் ஆட்கள் வந்தார்கள்.

"அக்கா முகம்!!!"

"இவ்ளோ ஒல்லியா? குரலைக் கேட்டு குண்டுன்னு நினைச்சேன்."

"கழுதை எங்க?"

"இவர் என்ர மனுசன்," என்றாள். "என்ர இந்தக் காதை உடைச்சவர். இப்ப தேடி வந்திருக்கிறார். எல்லாரும் பாருங்கோ."

திரையில் புனல்கள் பறந்தன. சிரிக்கும் முகங்கள் பறந்தன. "ஸ்கிட்டா? சூப்பர்." "வழக்கு எண் ரெண்டு!" சுஜன் போனுக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பினான். "வணக்கம். வீட்டில கொஞ்சம் கோவம். நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேணும்."

"அண்ணன் செம கூல்."

"அக்கா, பாவம் அண்ணன், வீட்டுக்குப் போங்க."

அவர்கள் அவனை முதல் தடவை பார்க்கிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போனதே இல்லை. பிரேமிளா நேரலையை நிறுத்தாமலே போனைத் தாழ்த்தினாள்.

"இப்ப காதுக்குள்ள சொன்னதை உரத்துச் சொல்லுங்கோ," என்றாள் அவனிடம். "எனக்குக் கேக்கேல்லை."

"சும்மா வீட்டுக்கு வா எண்டுதான்."

"சொன்னதைச் சொல்லுங்கோ."

"அதைத்தான் சொன்னனான், பிரேமி. வேற என்ன சொல்லப் போறன்?"

"நான் கேட்டனான்," என்றான் இன்பாஸ்.

தேத்தண்ணீர்க் கோப்பையோடு அவன் சுஜனின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். கோப்பையைச் சுவர்க்கட்டில் வைத்தான். அவனுடைய முகம், தெரியாமல் எதையோ விழுங்கிவிட்டவனுடையதைப் போல இருந்தது.

"'மற்றக் காதும் இனி உனக்குத் தேவையில்லை' எண்டவர்," என்றான். "சிரிச்சுக்கொண்டு சொன்னவர்."

சுஜன் முந்திரிகைப் பையைக் கதிரையில் மெதுவாக வைத்தான், செருப்பைப் போட்டான். "அண்ணைக்குப் பிழையாக் கேட்டிருக்கு," என்றான் பணிவாக. "நான் பிறகு வாறன்." படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

கேட்டவன் ஒருவன் இருந்ததால் இம்முறை பொலிஸில் எழுதினார்கள். நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தது: கிட்டப் போகக் கூடாது, கதைக்கக் கூடாது. சுஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்து வைத்தான். வெளியே வாசலில் இன்பாஸைக் கண்டு, "வள்ளத்துக்கு இஞ்சின் மாத்தீட்டீங்களோ, அண்ணை?" என்று கேட்டான். அதன் பிறகு இன்பாஸ் கடலுக்குப் போகும்போது வீட்டை வெளியால் பூட்டிக்கொண்டு போனான். கட்டளை என்பது ஒரு தாள். அது படலையில் நின்று காவல் காக்காது என்று வீட்டில் இருந்த மூவருக்கும் தெரிந்திருந்தது. சுஜனின் லொறி இரண்டு தடவை சந்திக் கடையில் நின்றது. அவன் இறங்கி சோடா குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நல்ல மனுசன், எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தாராம்.

பிரேமிளா சனலை மூடினாள். மூடிய அன்றே வேறொரு பக்கத்தில் பேச்சு எழுந்தது. கழுதை அக்கா எங்கே? அந்த நாடகத்தின் மிச்சம் எங்கே? மறுபடி புனல் வைத்துப் பார்ப்போமா? நேரலையில் இருந்த நடிப்பைப் புகழ்ந்து ஒருவன் நீளமாக எழுதியிருந்தான். பின்னால் கோப்பையோடு நின்றவர்தான் இயல்பாக நடித்தார் என்று முடித்திருந்தான்.

அவள் கிளம்பியது ஒரு காலை. பஸ் நிலையத்தில் சனம் நெரிந்தது. அன்ரோனெற் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பொரித்த மீனும் பாணும் கட்டி வைத்திருந்தாள். பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன.

"அன்ரோ, நான் போறது..."

"சொல்லாதை!" அன்ரோனெற் அவளுடைய வாயைப் பொத்தினாள். கையில் நண்டு மணம். "சொல்லாதை, பிரேமி. எனக்குத் தெரிஞ்சால் என்ர மனுசனுக்குத் தெரியும். இவருக்குத் தெரிஞ்சால் பள்ளிமுனைக்குத் தெரியும். பள்ளிமுனைக்குத் தெரிஞ்சால் கனடாவில இருக்கிற அந்த விசரனுக்கும் தெரியும். போய்ச் சேந்திட்டன் எண்டும் போன் அடியாதை. போ."

பையைக் கொடுத்தாள். பிரேமிளா சனத்துக்குள் நுழைந்தாள். எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், அதன் நெற்றியில் எந்த ஊரின் பெயர் இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, எல்லா பஸ்களும் புறப்பட்டுப் போகும் வரை அன்ரோனெற் கடல் பக்கம் திரும்பி நின்றாள்.