ரப்பர் பால் ஒட்டு

கம்பத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். கோயில் வாசலில் யாரோ நிறுத்திவைத்திருந்த சைக்கிளைக்கூட அப்படி அமுக்கியிருக்கிறேன். காற்று இறங்குகிறதோ என்ற பதற்றம் சாப்பிடும்போதும் விடவில்லை.

காரணம் இருந்தது. சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் எடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் ஊர் சுருளிப்பட்டியிலிருந்து அந்த நேரத்துக்குத் தோதான பஸ்ஸும் கிடையாது. வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். பந்தல் போடுகிறவர்கள் வெட்டி எறியும் கம்பித் துணுக்குகள் பாதையில் கிடந்து டயரில் ஏறும். பஞ்சரால் நான் அடிக்கடி தாமதமாகப் போனதால், நிலையத்தை நடத்திய டாக்டர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "பசியோட உக்காந்திருக்கவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியலம்மா. இப்படியே போனா வேற ஆளத்தான் பாக்கணும்."

அந்த வேலை போனால் நான் மறுபடி வீட்டுக்குள்.

ஊரில் நல்ல சைக்கிள் கடை இருந்தது. என் வீட்டுக்காரர்தான் அங்கே போக விடமாட்டார். அவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். "ஜீப்பு டயரையே கழட்டி மாட்டுறவன், பொண்டாட்டி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கடைக்குப் போனா ஊரு சிரிக்கும்" என்பார். அவருடைய கௌரவம் என் டியூபின் தலையில் விடிந்தது.

முதலில் உடைந்த பொம்மையை ஒட்டும் பசையைச் சொட்டுவிட்டார். உடனே பிடித்தது. அவருடைய விரலையும் சேர்த்துப் பிடித்தது. காய்ந்ததும் விறைத்துப்போய், டியூப் வளைந்த இடத்தில் விண்டுவிட்டது. அடுத்தது செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை. அது வெயில் ஏறியதும் இளகி, ஒட்டு ஓரம் நழுவியது. கடையில் பஞ்சர் சொல்யூஷன் என்றே ஒன்று விற்கிறதே, அதை வாங்கிவாருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

ஒருநாள் குமுளிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பியவர், தண்ணீர் பாட்டிலில் வெள்ளையாக ஏதோ கொண்டுவந்தார். மோர் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். நாற்றம் தாங்காமல் உடனே மூடினேன்.

"ரப்பர் பாலு. எஸ்டேட்டுக்காரக சும்மாவே குடுத்தாக. டயரு, டியூபு எல்லாம் இதுலருந்துதான வருது? தாய்ப்பாலைக் குடுத்தா பிள்ளை வேணாம்னா சொல்லும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற தைலம், லேகியம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஊர் எங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கிழிந்த பந்தை ஒட்டக் கொஞ்சம் கேட்டு வாங்கிப்போனார்.

அதை வைத்து அவர் ஒட்டிக் கொடுத்தது சில நாள் நன்றாகவே ஓடியது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். பிறகு ஒரு காலையில், திராட்சைத் தோட்டத்து வளைவில், பின் சக்கரம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. போய்ச் சேர்ந்தபோது டாக்டரே ஊசியும் கையுமாக நின்றிருந்தார். வயதான அம்மா ஒருவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் இப்படின்னா, நாளையோட நிறுத்திக்கலாம்" என்றார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனருக்குப் பக்கத்தில் உப்புத்தாள், வட்டமாக வெட்டிய ரப்பர் துண்டுகள், பாதி பிதுக்கிய பஞ்சர் சொல்யூஷன்.

"இது என்னங்க?"

"ஜீப்புக்கு. மலை ரோட்டுல பஞ்சரானா என்ன செய்ய?"

"ஜீப்புக்கு ரப்பர் பால் ஒட்டலையா?"

சிரித்துவிட்டார். "வெளாட்டா? நம்ம பொழப்பே ஜீப்புலதான ஓடுது."

கள்ளமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் என் சைக்கிள் அவருக்குச் சோதித்துப் பார்க்கிற வண்டியாக இருந்திருக்கிறது.

ஸ்பேனரோடு அதையெல்லாம் எடுத்துவந்தேன். பழைய ஒட்டைப் பிடித்து இழுத்தேன். பாலாடை மாதிரி கையோடு வந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷனைத் தடவினேன். தடவியதும் ஒட்டக்கூடாது, ஈரம் வற்றி மங்க வேண்டும் என்று கடையில் பார்த்த ஞாபகம். ஊதினேன். தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன். அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடி ஊதினேன். அதுவரை என் வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. மங்கியதும் ரப்பர் துண்டை வைத்து அழுத்தி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் சொல்யூஷனை மூடி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் ஈரக்கையோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏய், அப்ப ஜீப்புக்கு?"

"ரப்பர் பாலு இருக்குல்லங்க" என்றேன்.