தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய்

திருச்செங்கோடு பக்கம் எங்கள் ஊர். கூலிக்கு நெய்தது போதும் என்று, வீட்டை ஒட்டி ரோட்டோரமாகச் சொந்தத் தறி போட ஒரு செட் கட்ட ஆரம்பித்தோம். மார்கழி பிறந்துவிட்டால் புது வேலை தொடங்கக் கூடாது. அதனால் கார்த்திகைக் கடைசியில், வானம் கறுத்திருந்தும் அவசரப்பட்டு தரைக்குக் கான்கிரீட் கொட்டினோம். கொத்தனார் மட்டம் பார்த்து முடித்துப் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது.

மூடுவதற்குக் கிழிந்த சாக்குகள்தான் இருந்தன. ஈரத்தின் மேல் எதைப் போட்டாலும் பதிந்துவிடும். சிமெண்ட் கரைந்தால் தறி ஆசையும் அதோடு போச்சு. நானும் வீட்டுக்காரரும் கைபிசைந்து நின்றபோது, ரோட்டில் போன போர்வெல் ரிக் லாரி ஒன்று நின்றது.

"ஏனுங்கக்கா, இப்பத்தான் கான்கிரீட் போட்டீங்களா?" என்று கேட்ட டிரைவர், பதிலுக்குக் காத்திருக்காமல் பெரிய தார்ப்பாயை இறக்கினார். வண்டியில் இருந்த ஆட்கள் தரையைச் சுற்றி நின்று, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் தேங்கத் தேங்க ஒரு பக்கமாகச் சரித்து வெளியே விட்டார்கள். மழை விடும்வரை ஒருவரும் கையை இறக்கவில்லை. அத்தனை பேரும் தொப்பலாக நனைந்திருக்க, நடுவில் எங்கள் தரை மட்டும் பூசின மாதிரியே கிடந்தது.

மழை விட்டதும் காபி போடப் போனேன். "நேரமாச்சுங்கக்கா" என்று சிரித்தார் டிரைவர். "தண்ணி வரோணும்னுதான் ஊர் ஊராப் போறமுங்க. வர்ற தண்ணியத் தடுத்தது இன்னிக்குத்தானுங்க."

அவர் பேர்கூட நான் கேட்கவில்லை.

இப்போது அங்கே தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. ஆனால் ரிக் லாரி போனால் காலடியில் தரை லேசாக அதிரும். உடனே தறியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போவேன். அதே லாரியா என்று தெரியாது. போகிற லாரிக்கெல்லாம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன்.