ஆறு மணிக்குக் காத்திருந்த கண்டாக்கு

உள் காம்பரா அறையில் தகரத்தை நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் கேட்டது.

இஸ்தோப்புத் திண்ணையில் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த காளியாயி அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் மாயாண்டி காது கேட்காதவன் போலப் பீடி பற்ற வைத்தான்.

"உள்ள யாருய்யா?"

"எலியா இருக்கும்."

சில நாட்களாகவே அவள் மனசை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்குமுன்னே மாயாண்டி எழுந்து காட்டோரம் போகிறான். உள் காம்பராவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்கிறான். நேற்று அவன் கம்பளியில் பச்சைப் பட்டுப் போல என்னவோ ஒட்டியிருந்தது. எவள் ரவிக்கைப் பட்டோ என்று அடுப்புப் புகையைச் சாக்காக வைத்து அழுது தீர்த்தாள்.

"எலி பச்சைப் பட்டா உடுத்துது? சாவியக் குடு."

அவன் இடுப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டான். அதற்குள் வாசலில் சப்பாத்துச் சத்தம். மலையில் வேலை வாங்கும் கஸ்பர் கண்டாக்கு. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், அழைக்காமலே வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடு காளியாயி. அவசரமில்ல. ஆறு மணி வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்."

ஆறு மணி என்றதும் மாயாண்டி சட்டென்று உள் கதவைப் பார்த்தான். அதைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்ணல்ல. குருவி.

ஆறுமணிக்குருவி. ஐப்பசி மழையோடு கடல் தாண்டி வந்து, சித்திரைக்குள் திரும்பிப் போகும் பறவை. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சீட்டி அடிக்கும். சிறுமியாய் ஆத்தா கையைப் பிடித்துக் கப்பலேறி இலங்கைக் கந்தப்பளைத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் காளியாயிக்கு அதுதான் கடிகாரம். தலைப்பிள்ளையைப் புதைத்த அந்தியில்கூட அந்தக் குரல்தான் அவளை எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தது. இந்த வருஷம் மலை ஊமையாகக் கிடந்தது. குருவி வரவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வந்திருக்கிறது. வந்ததெல்லாம் இவன் கண்ணியில்.

"பந்தயக் குதிரைக் கொட்டாயில வால் மயிரு கேட்டு வாங்கினியாமே மாயாண்டி? பிடில் கிடில் வாசிக்கப் போறியா?"

"கயிறு திரிக்கங்கய்யா."

"ஒரு குருவிய உயிரோட வச்சுக் கத்த விட்டா, மத்ததெல்லாம் தானா வந்து குதிரை மயிருக் கண்ணியில விழுமாம். டவுன்ல கறிக்குக் கேக்குறாங்களாம். மலையில கேக்காத சத்தம் லயத்துல கேக்குதுன்னு சொல்றாங்க. புடிச்சவனுக்குப் பத்துச்சீட்டுன்னு துரை சொல்லிட்டாரு."

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான அவர்களுக்கு, இந்தக் காம்பராவை விட்டால் கால் ஊன்ற இடமில்லை.

காளியாயி புருஷன் முன் கையை நீட்டினாள். "சாவி. சீனி உள்ள இருக்கு."

"சீனியப் பூட்டியா வைக்கிறீங்க?" என்றார் கண்டாக்கு.

"எலித் தொல்லைங்க," என்று மாயாண்டி அவிழ்த்துத் தந்த சாவியை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே சாக்கில் குருவிகள் விறைத்துக் கிடந்தன. பச்சையும் நீலமுமாய், தீபாவளிச் சேலைத் துண்டுகள் போல. தகரப் பெட்டிக்குள் ஒன்று மட்டும் மூச்சு விட்டது. கழுத்தை நெரித்தால் சத்தம் வராது, காம்பரா மிஞ்சும். கொழுந்து கிள்ளும் விரல்கள் அந்தக் கழுத்தைப் பற்றின. அடியில் துடிப்பு. பிள்ளையின் உச்சிக்குழி துடித்தது போல.

கிள்ளவில்லை. பின் ஜன்னலைத் திறந்து வெளியே விட்டாள்.

தேத்தண்ணியோடு அவள் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கண்டாக்கின் கண்கள் உள் கதவிலேயே நின்றன.

இரண்டு சீட்டி. லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள்ளிருந்து.

கண்டாக்கு தலையைத் திருப்பிக் கேட்டார். "மலையிலதான் கத்துது."

"ஆமாங்கய்யா."

ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "சீனி எடுக்கத்தானே உள்ள போன?"

காளியாயி தேத்தண்ணியைப் பார்த்தாள். சீனியை மறந்தே போயிருந்தாள்.

"எலி தின்னுருச்சுங்க."

அவர் எழுந்து, அவள் தோளில் ஒட்டியிருந்த பச்சை இறகை இரு விரலால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். எலி மறுபடி வந்துச்சுன்னா, நான் பத்துச்சீட்டோட வருவேன்."

சப்பாத்துச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. மாயாண்டி பெருமூச்சோடு உள்ளே வர எழுந்தான்.

"தப்பிச்சோம் புள்ள. ஆனா கூப்பிடு குருவியப் போயி விட்டுட்டியே."

"போயிக் கண்ணி எல்லாத்தையும் அறுத்துக் கொண்டாந்து எங்கண்ணுல காட்டு. அப்புறம் உள்ள வா," என்று காளியாயி கதவைச் சாத்தினாள்.