நீர்மாலை அல்ல

என் அண்ணன் தலையில் குடம் வைத்து ஊருணித் தண்ணீர் சுமந்தார். அவர் படத்துக்கு மாலை போடும் நாளில்கூட அதைப் பேச வேண்டாம் என்கிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. நான் பேசுவேன். எழுதியும் வைப்பேன்.

அரியக்குடிக்கு அடுத்த ஊர் எங்களுடையது. பஸ் ரோட்டை ஒட்டியே ஊருணி. அப்பா போனபின் அண்ணன் நிலத்தைப் பார்த்தார், நான் காரைக்குடிக்குப் படிக்கப் போனேன். அண்ணன் ஏர்மாட்டோடு வளர்ந்தவர். விடிந்தால் வயல், பொழுது சாய்ந்தால் வீடு, வேறு போக்கிடம் இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்தபின் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, அடிவயிறு தாங்கவில்லை. பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. மறுநாள் குடத்தை அண்ணன் எடுத்தார்.

எங்கள் பக்கம் ஆண்பிள்ளை தலையில் குடம் ஏறுவது ஒரு காரியத்துக்குத்தான்: செத்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வருவதற்கு. ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர் சும்மா இருப்பாரா?

"என்னப்பு, வீட்டுல யாரு போயிட்டாக? சொல்லிவிடவே இல்லையே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"செத்தா எல்லாருந்தான் சுமப்பீக. நான் உசுரோட இருக்கையில சுமக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தார்.

அம்மா, தண்ணீருக்கு ஓர் ஆள் போடச் சொன்னாள். "எம் பொண்டாட்டி குடிக்க இன்னொருத்தி இடுப்பு நோகணுமாக்கும்?" அதோடு பேச்சு முடிந்தது. மதினிக்கு என்ன சீக்கு என்று ஊரில் எவரிடமும் அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்கப்பட்டேன்.

எனக்கு வேலை கிடைத்ததும் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணே, நாளைக்கு மட்டும் வயக்காட்டு வழியா வந்துருங்க."

"வரப்புல நடந்தா தண்ணி சிந்தும்டா. ரோட்டு வழியத்தான் வருவேன்."

"எனக்காக."

"உனக்காக வேற என்ன வேணும்னாலும் கேளு."

மறுநாள் பெண்வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கவும் அண்ணன் குடத்தோடு எதிரே வரவும் சரியாக இருந்தது. அழைக்கப் போயிருந்த என்னிடம் பெண்ணின் அப்பா மெதுவாக, "கேத வீடா, தம்பி?" என்று கேட்டார். பதில் அண்ணனிடமிருந்து வந்தது.

"இல்லைங்க, குடிக்கத்தான். வாங்க, இந்தத் தண்ணியிலதான் காப்பி."

காப்பி குடித்தார்கள். அதற்குப்பின் தகவல் வரவில்லை. நான் டவுனில் வீடெடுத்துக்கொண்டு, அண்ணனோடு பேச்சை விட்டேன். வேறிடத்தில் கல்யாணம் ஆனபோது ஊராரை அழைப்பதுபோல அவரை அழைத்தேன். ஒவ்வொரு அறுப்புக்கும் டவுன் பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசி வந்தது. சாப்பிட்டேன். பேசவில்லை. என் மனைவி முழுகாமல் இருந்தபோதும் தெருக்குழாயடியில் அவள்தான் நின்றாள்.

ரோஷம் கெட்டவர் என்று அவரைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஊரே சிரித்தும் வழியை மாற்றாததற்கு ரோஷம் என்று பெயரில்லாமல் வேறென்ன? ரோஷம் கெட்டவன் நான். நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து அண்ணனை விட்டவன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் கண்டு அண்ணன் இறந்தார். அவர் பிள்ளைகளோடு நானும் நீர்மாலைக் குடம் சுமந்தேன். யாரும் சிரிக்கவில்லை. செத்தவருக்கு அல்லவா.

மறுநாள் விடிந்தபோது வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மதினி எழுந்து குடத்தைத் தொட்டார்.

"வைங்க மதினி, நான் போறேன்."

"வேணாம். உங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

வாங்கிக்கொண்டு போனேன். படியில் அதே பங்காளி, வயதாகி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"நீர்மாலை இல்ல. எங்க மதினி குடிக்க."

வயல் வழி ஆளில்லாமல் கிடந்தது. நான் ரோட்டு வழியே வந்தேன், பாதித் தண்ணீரைச் சட்டையில் சிந்திக்கொண்டு. காரியம் முடியும்வரை சுமந்தேன். பிறகு டவுனுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குமேல் சுமந்ததாகச் சொன்னால் பொய்.