பேரிலேயே விசா

அன்று குடிநுழைவு அலுவலகக் கூடத்தில் அத்தை இருந்தார், மாமா இருந்தார். நான் கீழே நகல் எடுக்கும் கடையில் நின்றிருந்தேன். விசாலாட்சி என்பவர் மட்டும் வரவில்லை என்று கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டார்களாம். விசாலாட்சி வேறு யாருமில்லை, என் அத்தைதான். நான் மேலே ஏறி வந்தபோது அவரும் மாமாவும் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எண் காட்டும் பலகை அன்று ஓடவில்லை. ஒலிபெருக்கியில் பெயர் வாசித்த மலாய்ப் பெண்மணி, பழகாத பெயரை நடுவில் உடைத்து, "விசா... லாச்சி" என்றிருக்கிறார். மாமா எழப்போனார். அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். "உட்காருங்கலா. விசாக்காரங்களக் கூப்பிடுறாங்க. நமக்கு இன்னும் பத்திரமே ஆவல, விசாவுக்கு எங்க போறது?"

மலேசியாவின் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த நாளிலிருந்து அத்தை எல்லாருக்கும் பாப்பாதான். பிறப்பைப் பதிய வந்த கிராணி, தோட்டத்து எழுத்தர், பெயர் கேட்டபோது தாத்தா கூச்சப்பட்டு, "நீங்களே நல்ல பேரா வச்சிருங்க தொரை" என்றாராம். கிராணி வைத்த பெயர் அட்டையில் தங்கியதே தவிர, ஒருவர் வாயிலும் ஏறவில்லை. அந்தப் பிறப்புத் தாளும் பின்னாளில் தொலைந்துபோனது. அதனால் இந்த மண்ணில் பிறந்தும் அத்தைக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. எல்லை தாண்ட வேண்டுமானால் தனியாக ஒரு பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தாண்டியே ஆகவேண்டிய காரணம் இருந்தது. அத்தையின் ஒரே மகள் சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்கிறாள். இரண்டு கரு தங்காமல் போய், இது மூன்றாவது. "பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்மா, எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது விண்ணப்பித்தோம். அழைப்பு வருவதற்குள் ஏழு முடிந்துவிட்டது. இப்போது கோப்பு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வந்தவன் நான். வீடு திரும்பும் வழியெல்லாம் யாருக்குக் கடிதம் எழுதலாம், எந்த மேலதிகாரியைப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். அத்தை முழுவதையும் கேட்டுக்கொண்டார். "எழுதுறத நீ எழுதுய்யா. அடுத்த தடவ கூப்பிடுறப்ப நா எந்திரிக்கணும். அத நாந்தான் பாத்துக்கணும்" என்றார். அழவில்லை. யாரையும் ஏசவில்லை. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு வியப்புத்தான்.

மறுநாள் காலை ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் துளை போட்டு வாசல் அலமாரியில் வைத்தார். "இனிமே என்னையப் பாப்பான்னு கூப்பிட்டா இருவது காசு. விசாலாட்சின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்." மாலைக்குள் செய்தி வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சீண்டினார்: "பேருலயே விசாவ வச்சிக்கிட்டு எதுக்குலா இமிகிரேசன்ல போயி நிக்கிற?" அத்தை துணி உலர்த்துவதை நிறுத்தாமல், "அது கிராணி குடுத்த விசாடி. தோட்டத்துக்குள்ளதான் செல்லும்" என்றார். நாங்கள் எல்லாரும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டோம். தோட்டத்து டிராக்டர் ஓட்டும் மாமாவுக்கு மட்டும் வரவே இல்லை. "பாப்பா" என்று ஆரம்பிப்பார், நாக்கைக் கடித்துக்கொள்வார், கை சட்டைப் பைக்குப் போகும். "என்னா மாமா, சம்பளம் பூரா டின்னுக்கா?" என்று கேட்டால், "முப்பது வருசம் கூப்பிட்ட வாயி மாப்ள, ரிவர்ஸ் கியரு இல்ல" என்பார்.

அத்தை வாரந்தோறும் பஸ் ஏறிப் போய் விசாரித்தார். "பெலும் சியாப்", இன்னும் தயாராகவில்லை என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு வருவார். குழந்தை அந்தப் பத்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. மகளுக்கு வலி எடுத்த அன்று அத்தை கைப்பேசியை அரிசி வாளியின்மேல் சாய்த்து வைத்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "நா லைன்லதான் இருக்கேன் கண்ணு. போன வைக்கமாட்டேன். நீ கத்தணும்னா கத்து, அம்மா கேக்குறேன்." மருமகன் அந்தப் பக்கம் கைப்பேசியைப் பிடித்திருந்தார். குழந்தையின் அழுகை கேட்டபோதுதான் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் மறுபடி அலுவலகத்துக்குப் போனார். பக்கத்தில் இருக்க முடியாமல் போனதற்காகப் போவதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். அதே கூடம், அதே குரல். "விசா..." என்று தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து அத்தை எழுந்து, "சாயா! நாந்தான்! சாயா!" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிக் கையைத் தூக்கினார். கூடமே திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தது ஒலிபெருக்கிக்காரப் பெண்மணிதான்.

பத்திரமும் விசாவும் கைக்கு வந்து, குழந்தையின் முப்பதாம் நாள் சடங்குக்கு அத்தை போய்ச் சேர்ந்தார். பெயர் வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "எழுதுறதும் கூப்பிடுறதும் ஒரே பேரா இருக்கட்டும்." பேத்தி கயல். வீட்டிலும் கயல்தான், தாளிலும் கயல்தான்.

சென்ற மாதம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அந்தக் கூடத்துக்குப் போயிருந்தேன். காலையில் கொடுத்து மதியத்துக்குள் வாங்கிவிட்டேன். இப்போது இயந்திரம்தான் எண்களை வாசிக்கிறது. அத்தையிடம் சொன்னபோது, "பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார். முகத்தில் சின்ன ஏமாற்றம். அவர் கையில் இன்னும் அதே சிவப்பு அட்டை. அடுத்த பயணத்துக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

அலமாரியில் அந்த டின் இருக்கிறது. ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அப்போது ஊரிலேயே தங்கிவிட்ட மாமா, அத்தை சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று அதை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துப் பஸ் நிறுத்தத்துக்கே கொண்டுவந்திருந்தார். அத்தை பஸ் படியிறங்கியதும் மாமா முதலில் காசைப் போட்டார். பிறகுதான் வாய்திறந்து, "பாப்பா" என்றார். அன்று மாலை டின்னைக் கொட்டி எண்ணினோம். எங்கள் காசுகளைக் கழித்தபின் மாமாவுக்கு மட்டும் ஆன செலவு, பஸ் நிறுத்தத்தில் போட்டதையும் சேர்த்து, பத்தொன்பது வெள்ளி எண்பது காசு.